மூன்றாம் தரம் கூப்பிடும்வரை

றோசலின் அன்ரியைப் போன வருடம் கடலிலிருந்து தூக்கி வெளியே போட்டபோது அவர் மூழ்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரே சீராக நீந்திக்கொண்டிருந்தார். மெல்போர்ன் பக்கத்துக் கேரம் கடற்கரையில் பிப்ரவரி மாதம் நடக்கும் இரண்டு கிலோமீட்டர் போட்டி அது. கடைசி மிதவையைத் தாண்டிக் கரைக்குத் திரும்பிவிட்டார். கால்வாசித் தூரம்தான் பாக்கி. அப்போது மோட்டார் படகு வந்தது. இரண்டு பேர் குனிந்து அவர் அக்குளில் கை கொடுத்து மீனைத் தூக்குவதுபோல் தூக்கிவிட்டார்கள்.

நான் அப்போது கயாக்கில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் உட்கார முடியவில்லை. கயாக் ஓட்டத் தெரியும் என்று சொல்லி அந்தப் போட்டியின் தன்னார்வலர்களோடு ஒட்டிக்கொண்டேன். என் முறை முடிந்து கயாக்கை மணலில் இழுத்துப் போட்டபோது, வெள்ளித்தாள் போர்வைக்குள் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இல்லை. கை நடுங்கவில்லை. முகத்தில் கோபம் மட்டும்தான் இருந்தது. முதலுதவி செய்த பெண் அவரிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் கடலைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"மூண்டாம்தரம் கூப்பிடேல்லையே. ரெண்டுதரம்தானே கூப்பிட்டவன்."

"புத்தி தடுமாறுகிறது, குளிர் ஏறிவிட்டது" என்று அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"இல்லை, இவர் சரியாகத்தான் பேசுகிறார்" என்றேன். ஆனால் அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்கே அதில் அர்த்தம் தெரியவில்லை.

அதற்குள் ஒரு மெலிந்த மனிதர் பிளாஸ்க்கும் துவாயுமாக மணலில் ஓடி வந்தார். அன்ரியின் கணவர், யோன் அங்கிள்.

"குளிருமில்லை, ஒண்டுமில்லை" என்றார் மூச்சு வாங்க. "இவவுக்குப் பிடிவாதம். அதுக்கு உந்தப் போர்வை காணாது."

நடந்தது இதுதான். திறந்த கடல் நீச்சலில் குளிர் ஒருவருடைய உடம்பைவிட முதலில் அவருடைய புத்தியைப் பிடிக்கும். பிடிபட்டவருக்கே அது தெரியாது. அதனால் போட்டியின்போது கயாக்கில் காவலுக்குச் செல்பவர்கள் நீந்துகிறவரைக் கூப்பிட்டு, சரியாக இருக்கிறாயா என்று கேட்பார்கள். அவர் உடனே உள்ளங்கையால் தன் உச்சந்தலையைத் தட்டிக்காட்ட வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டும் தட்டாவிட்டால், காவலர் கேள்வி கேட்காமல் படகை வரவழைக்க வேண்டும். அன்ரி இரண்டு அழைப்பையும் கேட்டிருக்கிறார். தட்டவில்லை. மூன்றாவதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

"ஏன் ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"ஆன்ட்டி எண்டு சொல்லாத பிள்ளை, சினிமாவில கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. அன்ரி எண்டு சொல்லு" என்றார்.

அவர்கள் வீடு கேரம் டவுன்ஸில், கோயம்புத்தூர்க்காரரான என் அம்மா வெள்ளிக்கிழமைகளில் போகும் சிவா விஷ்ணு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அடுத்த வாரம் அம்மாவைக் கோயிலில் விட்டுவிட்டு அங்கே போனேன். பிறகு ஒவ்வொரு வாரமும் போனேன். அப்படித்தான் அன்ரியின் கதை எனக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது.

மன்னார்க் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் யோன் அங்கிளைக் கட்டிக்கொண்டு மெல்போர்ன் வந்தார். அங்கிள் யாழ்ப்பாணப் பட்டணத்துக்காரர். குளிக்கும் வாளியைத் தவிர வேறு நீர்நிலையை நம்பாதவர். முதலில் அன்ரி ஒரு கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு ஃபிராங்ஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் சேர்ந்து, இன்றுவரை அங்கேயே இருக்கிறார். பல் இல்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் அரைத்துக் கொடுப்பது அவர் வேலை. மகன் றொகான் சிட்னியில், ஹோம்புஷில் ஒரு ப்ளாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான். அன்ரி தமிழில் கேட்பார், அவன் ஆங்கிலத்தில் சொல்வான், இரண்டு பேருக்கும் திருப்தி.

காரில் ஏறினால் பத்து நிமிடத்தில் கடல். இருபத்தைந்து வருடம் அன்ரி அதில் கால் நனைக்கவில்லை. அங்கிளின் அக்கா குடும்பம் வந்தால் எல்லோரும் கடற்கரைக்குப் போவார்கள். அன்ரி கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து பொரித்த கட்லட் பெட்டியைக் காவல் காப்பார்.

பெரிய பானைகளைத் தூக்கித் தூக்கித் தோள்மூட்டு இறுகிவிட்டது. கை தலைக்கு மேல் எழவில்லை. பிசியோதெரபி செய்தவர் நீந்தச் சொன்னார். நீச்சல்குளத்துக் குளோரின் உடம்பெல்லாம் தடிக்க வைத்தது. கடைசியில் கடல்தான் என்று ஆனது. கேரம் கடற்கரையில் விடியற்காலையில் ஒரு கூட்டம் நீந்தும். பெரும்பாலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். முதல் நாள் அன்ரி முழங்கால் வரை நின்றார். இரண்டாம் நாள் இடுப்பு வரை. மூன்றாம் நாள் முகத்தை உள்ளே வைத்தார். அதன்பிறகு அவரை யாரும் பிடிக்க முடியவில்லை.

"தோள் சரியாகிப் போட்டுது. பிறகும் ஏன் போறாய் எண்டு கேட்டன்" என்றார் அங்கிள். "போட்டியை ஒருக்கா நீந்தி முடிக்கவேணுமாம். இந்தத் தண்ணியை ஒருக்கா எண்டாலும் முடிச்சுக்கொண்டு கரைக்கு வரவேணுமாம். எனக்கு விளங்கேல்லை. உனக்கு விளங்குதே பிள்ளை?"

எனக்கும் அப்போது விளங்கவில்லை.

போட்டியின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் கிளெனிஸ். எழுபது வயது, முன்னாள் பள்ளி ஆசிரியை. இன்னமும் எல்லோரையும் வகுப்பறையில் இருப்பவர்களாகத்தான் நினைப்பார். அவர் அன்ரியிடம் தெளிவாகச் சொன்னார். அடுத்த வருடம் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் முதல் அழைப்புக்கே தலையைத் தட்டப் பழகியிருக்க வேண்டும். பக்கத்தில் யார் கயாக் ஓட்டுவார்களோ அவர்கள் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். போட்டி நாளில் மறுபடி ஒரு தடவை படகை வரவழைக்க வைத்தால், இனி இந்தக் கரையில் எந்தப் போட்டியிலும் இடமில்லை.

நான் பொறுப்பேற்றேன்.

மார்ச்சில் தொடங்கினோம். வாரத்தில் மூன்று காலை. அன்ரி கழுத்தைச் சுற்றி வாஸ்லின் தடவி, ரப்பர் உடுப்பின் முதுகு ஜிப்பை என் பக்கம் திருப்பிக் காட்டுவார். நான் இழுத்துவிடுவேன். அவர் நீந்துவார், நான் கயாக்கில் இருபது முப்பது முழம் தள்ளிச் செல்வேன். நினைத்த நேரத்தில் "அன்ரி!" என்று கத்துவேன். பதில் வராது. அவர் காதில் விழுந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். கை வீச்சு ஒரு கணம் தடைபடும். தோள் இறுகும். இரண்டாம் முறை கத்துவேன். முகம் தண்ணீருக்குள் போய்விடும். மூன்றாம் முறை கத்தியதும் கை பட்டென்று உச்சந்தலைக்கு வரும்.

"தரையில நீங்க அப்படி இல்லையே" என்றேன் ஒருநாள். வீட்டில் அவர் பெயரைப் பாதி சொல்லும்போதே பதில் வந்துவிடும்.

காரில் ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தார்.

"எங்கட அப்பா சின்னனிலயே சொல்லித் தந்தது. தண்ணிக்குள்ள இருக்கேக்கை ஆர் கூப்பிட்டாலும் முதல் தரத்துக்கும் ரெண்டாம் தரத்துக்கும் வாய் திறக்கக்கூடாது. ஆள் எண்டால் மூண்டாம்தரமும் கூப்பிடும். ஆள் இல்லாதது ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிடாது. பதில் சொன்னமோ, நாங்கள் நிக்கிற இடம் அதுக்குத் தெரிஞ்சுபோம்."

"நீங்க அதை நம்புறீங்களா?"

"நம்பிறதோ?" என்றார். "நீ பிறேக்கை நம்பியோ மிதிக்கிறாய்? கால் தானாப் போகுதெல்லே. அது மாதிரி."

அதனால் தரையிலேயே பயிற்சியை ஆரம்பித்தோம். குளியல் தொட்டியில் முகத்தை முக்கிக்கொண்டிருப்பார். அங்கிள் குசினி அடுப்படியிலிருந்து கூப்பிடுவார். அன்ரி உடனே தலையைத் தட்ட வேண்டும். நான் குளியலறை வாசலில் நின்று சாட்சி. அங்கிளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

"றோசலின்! தேத்தண்ணி!"

தொட்டிக்குள் தண்ணீர் கொந்தளிக்கும். "என்ர தலையைத்தானே தட்டச் சொன்னவள்? வெளியில வந்தால் உங்கட தலையிலதான் தட்டுவன்!"

"பாத்தியே, முதல் கூப்பாட்டுக்கே பதில் வருது. முப்பது வருசத்தில இப்பதான் எனக்கு மரியாதை."

ஜூன் மாதத்தில், கடலிலும், அவர் கை முதல் அழைப்புக்கே எழ ஆரம்பித்தது. நான் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் கூத்தாடினேன். அன்ரி சிரிக்கவில்லை. கரைக்கு வந்து ரப்பர் உடுப்பைக் கழற்றாமலேயே காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார். அன்றுதான் பஸ்தியானைப் பற்றிச் சொன்னார்.

அவருடைய அண்ணன். பத்தொன்பது வயது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால், வள்ளத்தைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்று, பன்னிரண்டு வயது றோசலினை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் வலை எடுக்கப் போனான். வலை அடியில் கல்லில் மாட்டிக்கொண்டது. அவிழ்க்க இறங்கினான். அந்த நேரம் பனிமூட்டம் வந்து மூடிவிட்டது. நீரோட்டம் அவனையோ வள்ளத்தையோ எதையோ நகர்த்தியிருக்க வேண்டும். தள்ளி எங்கேயோ இருந்து குரல் கேட்டது.

"'றோசி' எண்டு கூப்பிட்டவன். வீட்டில அவன் மட்டும்தான் என்னை அப்பிடிக் கூப்பிடுறது. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தன். பிறகும் ஒருக்கா 'றோசி' எண்டு கேட்டுது. நான் மூண்டாம் தரத்துக்குக் காத்துக்கொண்டு இருந்தன், பிள்ளை."

மூன்றாம் தரம் கேட்கவில்லை. மூட்டம் விலகியபோது கடல் வெறுமையாக இருந்தது. உடலும் கிடைக்கவில்லை. அம்மா, அவன் நீந்தி இராமேஸ்வரத்துக்குப் போய்விட்டான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒரே ஒரு முறைதான் பேசினார். "நீ பதில் சொல்லாதது சரி. கூப்பிட்டது அவன் இல்லை."

"அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் இவ்வளவு காலமும் இருந்தனான்" என்றார் அன்ரி. "கூப்பிட்டது அவன் இல்லை. அவன் இல்லையெண்டால் நான் ஒண்டும் செய்யேல்லை. இப்ப நீங்கள் என்னைப் பழக்கிப்போட்டியள். முதல் தரத்துக்கே பதில் சொல்லலாம், ஒண்டும் நடக்காது எண்டு. ஒண்டும் நடக்காதெண்டால், அண்டைக்கும் சொல்லியிருக்கலாம்தானே? சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு வள்ளத்துக்கு வந்திருப்பான்தானே?"

போட்டியை விட்டுவிடலாம் என்றேன்.

"விட்டால் மட்டும்?" என்றார்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. ஜூலையில் ஒரு காலை, காற்றே இல்லை. கடல் கண்ணாடித் தகடுபோல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. நான் ஒருமுறை கூப்பிட்டேன். அன்ரி தலையைத் தட்டினார். கொஞ்ச தூரம் போனபின் மறுபடி தட்டினார். நான் கூப்பிடவில்லை. தோளில் ஏதாவது பிடிப்பா என்று நினைத்தேன். மறுபடியும் தட்டினார். இந்தத் தடவை முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. கடல் பக்கம் திருப்பினார்.

"ரெண்டாம் தரம் ஏன் மெல்லக் கூப்பிட்டனீ?" என்று கரையில் கேட்டார்.

"நான் கூப்பிடவே இல்லை அன்ரி."

அவர் ஜிப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. "றோசி எண்டு கூப்பிட்டனியே?"

"இல்லை. நான் உங்களை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது."

அந்த மாதம் முழுவதும் அது நடந்தது. எல்லா நாளும் இல்லை. காற்று நின்றுவிடும் காலைகளில் மட்டும். அவர் கை என் அழைப்பு இல்லாமல் எழும். எழுந்த ஒவ்வொரு முறையும் அவர் போகும் பாதை கடல் பக்கமாக ஒரு சிறு வளைவு வளையும். நான் கயாக்கால் அணை கட்டி மெல்லக் கரைப் பக்கம் தள்ள வேண்டியிருந்தது. நாடு சுற்றிய வருடங்களில் நான் பனிக்கட்டி மிதக்கும் நீரில் ஓட்டியிருக்கிறேன், பெயர் தெரியாத ஆறுகளில் இருட்டும்வரை ஓட்டியிருக்கிறேன். எங்கேயும் திரும்பிப் பார்க்கப் பயந்ததில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் இந்தக் குடாவில்தான் பயந்தேன்.

கிளெனிஸிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். அங்கிளிடம்தான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம்" என்றார் கடைசியில். "போட்டியில நம்பர் குடுப்பினம்தானே? அதைச் சொல்லிக் கூப்பிடு. நம்பருக்கு மட்டும் அவ தலையைத் தட்டட்டும். பேருக்குத் தட்டக்கூடாது. செத்த ஆக்களுக்கு நம்பர் தெரியாது."

பதிவு திறந்த அன்றே அன்ரி பதிவு செய்தார். அறுபத்து மூன்று என்று எண் வந்தது. அதன்பிறகு குளியலறை, குசினி, கார், கடல் எல்லா இடத்திலும் அந்த எண்தான்.

"அறுபத்தி மூணு!" என்று நான் கத்துவேன்.

"மூணு இல்லை, மூண்டு" என்பார் அங்கிள். "கோயம்புத்தூர்க் கணக்கு இஞ்ச செல்லாது."

வேலை செய்தது. பழைய அழைப்பு வந்தால் அன்ரியின் தோள் ஒரு கணம் இறுகும், அவ்வளவுதான். கை எழாது. நேராக நீந்தினார். ஜனவரியில் இரண்டு கிலோமீட்டரை இரண்டு முறை முழுதாக முடித்தார். நானும் பின்னால் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

போட்டி அன்று வெயில் வரவேண்டிய காலை. வரவில்லை. கடல் மேல் மூட்டம் படிந்து கிடந்தது. மிதவைகள் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். எல்லோரும் மணலில் நின்று கையைக் காலை உதறிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இளஞ்சிவப்புத் தொப்பி. அன்ரி அதை இழுத்துப் போட்டதும் நெற்றியில் அறுபத்து மூன்று எழுந்து நின்றது.

"மன்னார் மாதா மாதிரி இருக்கிறாய்" என்றார் அங்கிள்.

"மாதா தொப்பி போடுறவவே?"

"கடலுக்கு வந்தால் போடுவா. முடிச்சுக்கொண்டு வா. சோடா வாங்கித் தாறன்."

மூட்டம் விலகியது. மஞ்சள் மிதவைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. சங்கு ஊதினார்கள். நூற்றுக்கணக்கான கைகள் தண்ணீரை அடித்தன. நான் வெளிப்பக்கக் கோட்டில், கடலுக்கும் நீந்துகிறவர்களுக்கும் நடுவே, கயாக்கில் இருந்தேன். முதல் மிதவையில் கூப்பிட்டேன். கை உச்சந்தலைக்கு வந்தது. இரண்டாவதிலும் வந்தது. வேகமாக நீந்துகிறவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மெதுவானவர்கள் பின்தங்கினார்கள். எங்களைச் சுற்றி இடம் காலியானது.

கடைசி மிதவையை நெருங்கும்போது மூட்டம் திரும்பி வந்தது. எதுவும் உருண்டு வரவில்லை, இறங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மிதவை இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். கரையின் ஒலிபெருக்கிச் சத்தம் பஞ்சுக்குள் போனதுபோல் மங்கியது. அன்ரியின் இளஞ்சிவப்புத் தொப்பி மட்டும் தெரிந்தது. நான் நெருங்கிப் போனேன்.

அப்போது கூப்பிட்டது.

"அறுபத்தி மூண்டு."

நான் கூப்பிடவில்லை. என் துடுப்பு நின்றது. குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து, கடல் பக்கத்திலிருந்து வந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. வெளிக்கோட்டில் இருந்தவள் நான்தான். மூட்டத்தில் சத்தம் திரும்பி வரும் என்று கிளெனிஸ் பின்னால் விளக்கினார். என் சத்தம் என்றால் மூணு என்று திரும்பியிருக்க வேண்டும். இது மூண்டு என்றது. இளம் ஆணின் குரல். கத்தவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டது.

மாதக்கணக்காக அந்த எண்ணை அந்தத் தண்ணீர் மேல்தான் கத்திக்கொண்டிருந்தோம். அது எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது.

அன்ரி நீந்துவதை நிறுத்திவிட்டார். தண்ணீரில் செங்குத்தாக மிதந்தபடி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"அறுபத்தி மூண்டு."

இரண்டாம் தரம்.

அவர் கை எழவில்லை. நான் வாய் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன். இப்போது நான் கூப்பிட்டால், அதுதான் மூன்றாம் தரம். எந்தக் குரலுக்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமலே அவர் பதில் சொல்லிவிடுவார். நான் கூப்பிடாமல் இருந்தால், நாற்பது வருடம் காத்திருந்ததுபோல் அந்த இடத்திலேயே காத்திருப்பார், குளிர் ஏறும். விதிப்படி நான் ஊதலை எடுத்து ஊதிப் படகை வரவழைக்க வேண்டும். ஊதல் என் கழுத்தில் தொங்கியது. ஊதினால் அன்ரிக்கு இந்தக் கடல் முடிந்தது.

நான் ஒன்றும் செய்யவில்லை. துடுப்பை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சிற்றலைகள் கயாக்கின் அடியில் நாய் நக்குவதுபோல் நக்கிக்கொண்டிருந்தன. மூன்றாம் தரம் கேட்கவில்லை. அன்ரியின் உதடுகள் பிரிந்தன.

"ஓம்" என்றார்.

சத்தமாகத்தான் சொன்னார்.

"ஓம் அண்ணா. கேக்குது. நான் இஞ்சதான் நிக்கிறன். அண்டைக்கும் கேட்டது."

மூட்டத்துக்குள் எதுவும் அசையவில்லை. ஆனால் என் கயாக்கின் பின்பக்கத்தை ஏதோ தொட்டது. மோதவில்லை. நீந்திக் களைத்து வந்தவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்வதுபோல் ஒரு பாரம் ஏறியது. கயாக்கின் முன்பக்கம் மெல்ல எழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். கழுத்து திரும்பவில்லை. அன்ரி என் தோளுக்கு மேலாக அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் குழந்தை முகமாக இருந்தது. பிறகு பாரம் இறங்கியது. முன்பக்கம் தண்ணீரில் படிந்தது.

"நான் போறன்" என்றார் அன்ரி.

எந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டாலும் போட்டு வாறன் என்று மட்டுமே சொல்லும் மனுஷி அவர். கண்ணாடியைக் கீழே இறக்கினார். உள்ளங்கையால் உச்சந்தலையை ஒருமுறை தட்டினார். அது எனக்கா என்று தெரியவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கரையை நோக்கிக் கை வீசினார். ஒரு வளைவும் இல்லாமல், நூல் பிடித்ததுபோல் போனார். மூட்டத்திலிருந்து நாங்கள் வெளியே வந்தபோது ஒலிபெருக்கியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக்கு முந்தினவராகக் கரை ஏறினார். அங்கிள் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார், கால்சட்டையோடு, சப்பாத்தோடு. முப்பது வருடத்தில் முதல் தடவை.

"முடிச்சிட்டாய்" என்றார்.

"ஓம்" என்றார் அன்ரி. அவர் கழுத்தில் யாரோ பதக்கத்தை மாட்டினார்கள். மணலில் உட்கார்ந்ததும்தான் அழ ஆரம்பித்தார். போட்டி முடித்த சந்தோஷம் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அங்கிளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நானும் அவரும் மட்டும்தான் புரிந்துகொண்டோம்.

"அவன்தான் கூப்பிட்டவன், யோன். அண்டைக்கும் அவன்தான். அப்பா பொய் சொல்லிப்போட்டார்."

அங்கிள் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தேவாலயத்தில் தமிழில் பூசை நடக்கும். இறந்தவர்களுக்காகப் பெயர் கொடுத்தால் பாதிரியார், அவர்கள் மொழியில் சுவாமி, அதை வாசிப்பார். அன்ரி ஒவ்வொரு வருடமும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொடுத்திருக்கிறார். பஸ்தியானுக்குக் கொடுத்ததில்லை, கொடுத்தால் அவன் இறந்தவன் ஆகிவிடுவான். மார்ச் மாதத்தில் கொடுத்தார். என்னையும் வரச் சொன்னார். எப்போது எழுந்து நிற்பது, எப்போது மண்டியிடுவது என்று எனக்குத் தெரியாது. அங்கிளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். சுவாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெயர்களை வாசித்தார். மூன்றாவதோ நான்காவதோ பெயர், சந்தியாப்பிள்ளை பஸ்தியான்.

"ஓம்" என்றார் அன்ரி.

முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுவாமியும் ஒரு கணம் நிறுத்தி, பிறகு அடுத்த பெயருக்குப் போனார்.

"பூசையில அப்பிடிப் பதில் சொல்லுறேல்லை" என்றார் அங்கிள் வெளியே, காரைத் திறந்தபடி.

"தெரியும்" என்றார் அன்ரி.

போன புதன்கிழமை மறுபடி கடலுக்குப் போனோம். காற்று இல்லை. ரப்பர் உடுப்பின் ஜிப்பை இழுத்துவிட்டேன். முதல் மிதவை வரை போனோம். "அறுபத்தி மூணு!" என்று கூப்பிட்டேன். பழக்கதோஷம், அந்த எண் போட்டியோடு முடிந்துவிட்டது. அவர் உடனே தலையைத் தட்டினார்.

பிறகு இரண்டு பேருமே நின்றுவிட்டோம். நான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து மிதந்தபடி கடல் பக்கம் காதைக் கொடுத்தார். தண்ணீர் எங்கும் சத்தமில்லாமல் கிடந்தது.

"உனக்கு ஏதும் கேக்குதே, ஹம்சா?"

"இல்லை அன்ரி."

"எனக்கும் இல்லை" என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்.